பதினெட்டாம் எண் வீட்டின் காலிக் கட்டங்கள்

அக்கா, முப்பத்தொன்றாம் எண் வீட்டுத் தபால் பெட்டிக்குள் என் கை முழங்கை வரை போயிருந்த நேரத்தில்தான் அந்த வீட்டு லிண்டர்மன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தோளில் சருகு ஊதும் மெஷின். என் கக்கத்தில் அதுவரை தெருவில் திருப்பி எடுத்திருந்த இருபத்திரண்டு கடிதங்கள். கையை வெளியே எடுக்கவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

"பாப்பா, அடுத்தவங்க தபால் பெட்டியில கைய விட்டு எடுக்கறது மத்திய அரசுக் குத்தம். தெரியுமா?" என்றார்.

"தெரியும் மிஸ்டர் லிண்டர்மன்."

"ஸ்டாம்ப் ஒட்டாம உள்ள போடறதும் குத்தம்தான்."

"அதுவும் தெரியும்."

"ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிருக்கே. கெட்டிக்காரப் பொண்ணு." மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் இருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். "இதைத்தானே தேடறே? நானும் என் வீட்டுக்காரியும் காப்பி குடிக்கும்போதே படிச்சாச்சு."

கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினார்.

"பதினெட்டாம் நம்பர். கோவாலிக், வாரன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு கட்டமும் காலி. ஏம்மா, இது உங்கப்பாதானே? போன மே மாசம் உங்க கட்சிக்குள்ள நடந்த தேர்தல்ல ஜெயிச்சு நிக்கறவரும் இவர்தானே? அந்தக் கட்டமும் காலி. தனக்கே ஓட்டுப் போட்டுக்காத வேட்பாளரை நான் இப்பத்தான் பாக்கறேன்."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

அது சனிக்கிழமை மத்தியானம். இதை நான் எழுதும்போது ஞாயிறும் போய்த் திங்கள் பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. நாளை மறுநாள்கூட இல்லை, நாளை தேர்தல். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே டவுன்ஷிப் கவுன்சிலர் பதவியை நம் கட்சி பத்தொன்பது ஓட்டில் தோற்றது. இந்தத் தடவை அப்பா நிற்கிறார். அப்பா தோற்றால் அது என்னால்தான். நீ பிட்ஸ்பர்கில் உட்கார்ந்துகொண்டு "என்னடி பண்ணித் தொலைச்சே" என்று கேட்பாய். முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

கடிதம் என் யோசனை. வேறு யார்மேலும் பழி போட மாட்டேன். செப்டம்பரில் இருந்து மிஸஸ் ஹாப்குட்டிடம் வேலை செய்கிறேன். நம் வட்டத்துக் கட்சிப் பிரதிநிதி, நீல நிறப் பழைய கார் வைத்திருப்பாரே, அவர்தான். கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் வாங்கிய வாக்காளர் பட்டியலை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, தெரு வாரியாகப் பிரித்துத் தருவது என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு நன்றாக வரும். எண்ணிக்கையில் நான் தப்புப் பண்ணுவதில்லை. நம் வட்டத்தில் பதிவு செய்தவர்கள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். ஜனாதிபதி தேர்தலுக்கு ஆயிரத்து எழுநூறு பேர் வந்தார்கள். அதற்கு முந்தின கவுன்சில் தேர்தலுக்கு வந்தவர்கள் ஐந்நூற்று எண்பத்தெட்டு. பெரிய தேர்தலில் நம் டவுன்ஷிப் டெமாக்ரட் பக்கம் சாயும், சின்னத் தேர்தலில் ரிபப்ளிக்கன் பக்கம். யாரும் மனசு மாறுவதில்லை. நம் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவர்கள் ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவுதான் கணக்கு.

யார் யாருக்குப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பொதுப் பட்டியல், கேட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றால் ஜனங்கள் எழுந்து வருவார்கள் என்று பள்ளியில் அரசியல் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருநாள் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம். அதில் அவர்கள் கடைசி நான்கு தேர்தலில் வந்தார்களா இல்லையா என்பது மட்டும்.

மிஸஸ் ஹாப்குட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க கணக்கு அவங்களுக்கு மட்டும். பக்கத்து வீட்டுக் கணக்கு கூடாது. நான் இன்னும் முப்பது வருஷம் இந்த ஜனங்க கையாலதான் கேக்கு வாங்கித் திங்கணும்."

"சரி."

"கதவுக் கைப்பிடியில மாட்டு. தபால் பெட்டியில போட்டேன்னு கேள்விப்பட்டா உன்னை நானே போலீஸ்ல குடுப்பேன்."

"சரி மிஸஸ் ஹாப்குட்."

இரண்டு சரியையும் நான் காப்பாற்றவில்லை. தன் கணக்கைத் தானே பார்த்தால் யாருக்கு என்ன வெட்கம் வரும் என்று தோன்றியது. தெருவில் உள்ள முப்பத்தெட்டு வீட்டையும் ஒரே பட்டியலாகப் போட்டேன். வந்த தேர்தலுக்குக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி, வராததற்குக் காலி. மேலே பெரிய எழுத்தில், 'லார்க்ஸ்பர் லேனில் யார் வாக்களிக்கிறார்கள்?' கீழே, 'அக்கறையுள்ள அண்டை வீட்டார்.' மற்ற தெருக்களில் கொடுப்பதற்கு முன் நம் தெருவிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை காலை கிளம்பினேன். மழை. பன்னிரண்டாம் எண் வீட்டு நாய் வேறு. ஒவ்வொரு வாசல் வரைக்கும் யார் நடப்பது என்று சாலையோரத்துத் தபால் பெட்டிகளிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கணக்கு சரியாக இருக்கட்டும் என்று நம் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று.

பள்ளி இசைக்குழுப் பயிற்சிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தேன். அப்பா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கையில் என் கடிதம்.

"இந்த கில் ஸ்ட்ராண்டுக்கு வேற வேலையே இல்லையா," என்றார். எதிர்த்து நிற்கும் ரிபப்ளிக்கன் வேட்பாளர் பெயர் அது. "பாரு, என் தெருவுலயே, என் பெட்டியிலயே போட்டுட்டுப் போயிருக்கான்."

எட்டிப் பார்த்தேன். பதினெட்டு. நான்கு காலிக் கட்டம்.

அக்கா, தேர்தல் அன்று அப்பா எப்படி இருப்பார் என்று உனக்கே தெரியும். காலை ஆறு மணிக்கே ஹீட்டர் ரிப்பேர் வேனின் மேலே இருக்கும் ஏணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பெஞ்சு போட்டு, நடக்க முடியாதவர்களையெல்லாம் வாக்குச் சாவடி இருக்கும் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த லிண்டர்மனையே தூக்கி உட்காரவைத்துக் கூட்டிப் போனவர். "நம்ம கட்சிக்கு எதிரா ஓட்டுப் போடப் போற மனுஷனுக்கு நானே டிரைவர்," என்று அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். ஓட்டுப் போடாதவனுக்குச் சாலையில் இருக்கிற குழியைப் பற்றிப் பேசும் உரிமை கிடையாது என்பதுதான் அவருடைய பிரசாரமே. பழைய பால் பண்ணை நிலத்தில் லாரிக் கிடங்கு வரக்கூடாது என்றால் எழுந்து வாருங்கள் என்று பத்து வாரமாகக் கதவு கதவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இது பொய்தானேப்பா?" என்று கேட்டேன்.

அவர் அடுப்பை அணைத்தார். "நாளைக்கு ஃபயர் ஹவுஸ் விருந்துல எல்லார் முன்னாடியும் ஸ்ட்ராண்டைக் கேக்கறேன்," என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அப்புறம்தான் வெளியே ஓடினேன். ஓடித்தான் இருபத்திரண்டு கடிதம் எடுத்தேன். லிண்டர்மன் வீட்டில் மாட்டிக்கொண்டேன்.

அவர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். "அழாதே. எடுத்து என்ன ஆகப் போகுது? பாதித் தெரு படிச்சாச்சு. பதினாலாம் நம்பர் வீட்டுப் பையன் இருக்கானே, உடம்பு முழுக்கப் பச்சை குத்தினவன், அவனுக்கு நேத்து வரைக்கும் தேர்தல் எந்தக் கிழமைன்னே தெரியாது. இப்ப வந்து, எந்த வாசல்ல போகணும்னு கேட்டுட்டுப் போறான். மூஞ்சி சிவந்து போச்சு அவனுக்கு."

அவ்வளவு பயத்திலும் எனக்கு உள்ளே ஒரு சின்னக் குதிப்பு. வேலை செய்கிறது என்று நினைத்தேன். மறைத்து என்ன, அப்படித்தான் நினைத்தேன்.

"அவன் எந்தப் பக்கம் மிஸ்டர் லிண்டர்மன்?"

"அதை நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்காதே." மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டார். "போய் உங்கப்பாகிட்ட யாரு எழுதினதுன்னு சொல்லு. நாளைக்கு அவர் ஸ்ட்ராண்டைப் பிடிச்சு உலுக்கினா, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரு ஓட்டும் விழாது. எதிர்க்கட்சிக்காரன் சொல்றேன், கேட்டுக்கோ."

அவர் சொன்னது சரி. ஸ்ட்ராண்ட் செய்யாத காரியத்துக்கு அவரை எல்லார் முன்னும் குற்றம் சொல்லி, அப்புறம் அது நம் வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்தது என்று தெரிந்தால், அப்பா பொய்யர், சூழ்ச்சிக்காரர் இரண்டும் ஆகிவிடுவார். மீதிக் கடிதங்களை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பா காரேஜில் வேனுக்குள் பெஞ்சுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, "அது ஸ்ட்ராண்ட் இல்லப்பா. நான்தான்," என்றேன்.

திருகாணி கையில் இருந்து விழுந்து வேனுக்கு அடியில் உருண்டு போனது. அவர் குனிந்து தேடவில்லை.

"நீயா?"

"ஜனங்க வரணும்னு பண்ணேன். நமக்காகத்தான்."

"ஹாப்குட்டுக்குத் தெரியுமா?"

"இப்படி முழுத் தெருவையும் போட்டது தெரியாது. பெட்டியில போட்டதும் தெரியாது."

"நல்ல வேளை. இல்லேன்னா அந்தம்மாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கும்." பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். கிழவர்களை ஏற்றும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர். கையைத் துடைத்துக்கொண்டே, "அது பொய் இல்ல தெஸ்ஸா," என்றார்.

"தெரியும்ப்பா. பட்டியல் பொய் சொல்லாது."

"நாலு தேர்தல் மட்டும் இல்ல. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து. பதினோரு வருஷம்."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் குடிவந்த முதல் வருடம். தேர்தல் அன்று முழுவதும் வண்டி ஓட்டினார். கடைசியாக ஒரு கிழவியை எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வாசலில் இறக்கிவிட்டார். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். இவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் இவர் தோளைத் தட்டினார்கள். மிஸஸ் ஹாப்குட் தன் கையில் இருந்த 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர் சுருளில் இருந்து ஒன்றைக் கிழித்து இவர் சட்டையில் ஒட்டினார். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, அடுத்த தடவை போயிருக்கலாமே?"

"ஒரு சாவடியில முதல் தடவை ஓட்டுப் போடறவங்க அடையாளத்துக்கு லைசென்ஸ் காட்டணும். தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"அங்க வாக்காளர் நோட்டை வச்சுக்கிட்டு யாரு உக்காந்திருக்கா? லிண்டர்மன் பொண்டாட்டி. எனக்குப் பின்னாடி வரிசையில யாரு நிப்பா? நான் இறக்கிவிட்ட ஆளுங்க. அந்தம்மா நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, 'வாரன், உங்களுக்கு இதான் முதல் தடவை போல, லைசென்ஸ் எடுங்க'ன்னு சொன்னா, நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறது? ரெண்டாவது வருஷம் அதை நினைச்சு வெளியவே நின்னுட்டேன். மூணாவது வருஷம் இன்னும் கேவலம். ஒவ்வொரு வருஷமும் ஸ்டிக்கர் மட்டும் வாங்கி ஒட்டிக்கிட்டேன்."

"இதுக்காகவா? ஒரு லைசென்ஸைக் காட்ட வெக்கப்பட்டா?"

"நீ எழுதின கடிதாசியும் வெக்கத்தை நம்பித்தானே எழுதினே?"

அவர் வேனுக்கு அடியில் படுத்துத் திருகாணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அன்று இரவு சாப்பாட்டில் நாங்கள் பேசியது உப்பைத் தள்ளு, ரொட்டி போதுமா, அவ்வளவுதான். நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஃபயர் ஹவுஸ் விருந்து. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள நீளமாக மேஜை. பான்கேக், சாஸேஜ், தண்ணீர் மாதிரி காப்பி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சட்டையில் குத்திய பட்டனை வைத்துத்தான் யார் எந்தப் பக்கம் என்று தெரியும். நாங்கள் உள்ளே போனதும் லார்க்ஸ்பர் லேன்காரர்கள் இருந்த மேஜையில் பேச்சு நின்றது. நான் எடுக்காமல் விட்ட கடிதங்களில் ஒன்று சிரப் பாட்டிலுக்கு அடியில் இருந்தது.

மிஸஸ் ஹாப்குட் காப்பிப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. என்னை இழுத்துக்கொண்டு போய், "முப்பத்தெட்டு வீட்டையும் போட்டிருக்கே," என்றார்.

"ஆமா."

"தபால் பெட்டியில."

"ஆமா."

"உன்னைச் சொல்லி என்ன. இருவது வருஷமா இந்த வட்டத்துல எல்லார் பேரையும் பாத்திருக்கேன். உங்கப்பா பேரை மட்டும் ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல. நம்ம வண்டிக்காரர் பேரை யாராவது சந்தேகப்பட்டுப் பாப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, என் கையில் ஒரு தட்டைத் திணித்தார். "சாப்பிடு. மயக்கம் போட்டு விழுந்து இன்னொரு வம்பு பண்ணிடாதே."

வேட்பாளர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். முதலில் ஸ்ட்ராண்ட், வரி ஏறாது என்று பேசினார். வழக்கமான கைதட்டல். அப்புறம் அப்பா எழுந்தார். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"லார்க்ஸ்பர் லேன் ஆளுங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல என் பேரு இருக்கு. அதுல போட்டிருக்கறது உண்மை," என்றார். "உங்கள்ல பாதிப் பேரை என் வேன்ல ஏத்திட்டு வந்து இந்த வாசல்ல இறக்கியிருக்கேன். நான் மட்டும் இந்த வாசலைத் தாண்டினதில்ல. முதல் தடவை நேரமாயிடுச்சு. அதுக்கப்புறம் வெக்கம். வேற காரணம் கிடையாது. ஓட்டுப் போடாதவனுக்குப் பேச உரிமை இல்லைன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்ப எனக்கே உரிமை இல்ல. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நான்தான் முதல் ஆளா நிப்பேன். அதுக்கப்புறம் பேசறேன்."

யாரும் கைதட்டவில்லை. ஒரு முட்கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டது.

"அந்த லிஸ்டை அனுப்பினது யாருங்க?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். "என் பேரை ஊருக்கே காட்டறதுக்கு இவங்க யாரு?"

எழுந்திருக்கப் பார்த்தேன். மிஸஸ் ஹாப்குட் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"எங்க கட்சிப் பக்கத்து ஆளுங்கதான்," என்றார் அப்பா. "ஸ்ட்ராண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நேத்து மத்தியானம் நான் அப்படி நினைச்சேன், அது தப்பு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

ஸ்ட்ராண்ட் காப்பிக் கோப்பையைக் கொஞ்சமாக உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான்.

"ஏழு மணிக்கு நீ வரிசையில நின்னா, எங்களை யாருய்யா கூட்டிட்டு வருவா?" என்று கம்பு ஊன்றிய ஒரு பெரியம்மா கேட்டார்.

"ஏழேகாலுக்கு வேன் கிளம்பும்மா."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. முதலில் ஒரு மேஜை, அப்புறம் பக்கத்து மேஜை. லிண்டர்மன் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் பொதுவாக வாயே திறக்க மாட்டார்.

"வாரன், எத்தனை வருஷமா உங்க பேருக்கு எதிர்ல கையெழுத்து இல்லாததைப் பாத்துட்டு இருக்கேன்னு நினைச்சீங்க? என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்ல. நான் அந்த நோட்டுல உக்காந்திருக்கறது வம்பு பேச இல்ல," என்றார். "ஆனா சட்டம் சட்டம்தான். செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. மறந்துட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"எடுத்துட்டு வரேன் மேடம்," என்றார் அப்பா.

லிண்டர்மன் தலையைத் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தார். "ஏன்டி, என்கிட்டகூடச் சொல்லலையே," என்று முனகினார். "உங்க வாய் எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா.

கிளம்பும்போது பச்சை குத்தின பையன் அப்பாவிடம் வந்து, "எனக்கும் முதல் தடவைதான் சார். லைசென்ஸ் மட்டும் போதுமா?" என்று கேட்டான். இரண்டு பேரும் பர்ஸை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்கள். பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. ஒருவர் மட்டும் அப்பா கையைக் குலுக்காமல் தாண்டிப் போனார். லிஸ்டை யார் அனுப்பினது என்று கேட்டவர். அவருக்குக் கோபம் போகாது. போக வேண்டும் என்று நான் சொல்லவும் முடியாது, அவர் பேருக்கு எதிரே எத்தனை காலி என்று ஊருக்குக் காட்டியது நான்தானே.

மிஸஸ் ஹாப்குட் மாலையில் போன் செய்தார். நம் வட்டத்தில் வேன் வேண்டும் என்று கேட்டவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். போன தடவை பதினேழு. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த வட்டத்தில் ஓட்டுப் போட வருகிறவர்கள் தொள்ளாயிரம் தாண்டும். எண்ணிக்கையில் நான் தப்புப் பண்ணுவதில்லை என்று சொன்னேனே, இதிலும் பண்ண மாட்டேன். அதில் எத்தனை நமக்கு என்று பட்டியல் சொல்லாது. ஆனால் அந்த மேஜைகளில் சிரித்த சிரிப்பை நான் கேட்டேன். ஜெயிப்போம் என்றுதான் தோன்றுகிறது.

அப்படியென்றால் நீ போய்த் தூங்க வேண்டியதுதானே என்பாய். விஷயம் விருந்தில் இருந்து திரும்பும் வழியில் நடந்தது. அப்பா வேனை ஓட்டிக்கொண்டே, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அச்சடிக்கறதுக்கு முன்னாடி, என் பேரை நீ பாத்தியா?"

"இல்லப்பா," என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு வேகமாகச் சொன்னேன். அவர் "சரி" என்று சொல்லி, நம் தெருவுக்குத் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டார். பொய் சொன்ன மாதிரி எனக்கு அப்போது தோன்றவில்லை. சத்தியமாக நான் உண்மையைச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஃபைலைத் திறந்தேன், அழித்துவிடலாம் என்று. அழிப்பதற்கு முன்னால் பழைய பதிப்புகளைப் பார்த்தேன். எந்த நாள், எந்த நேரம், என்ன மாற்றினேன் என்று அது குறித்து வைத்திருக்கும். வியாழக்கிழமை இரவு ஒன்பது நாற்பதுக்கு ஒரே ஒரு வரியை நீக்கியிருக்கிறேன். பதினெட்டாம் எண் வீடு. கோவாலிக், மாரின்.

உன் பெயர் அக்கா. நீ இன்னும் இந்த விலாசத்தில்தான் பதிவாகி இருக்கிறாய். நாலில் மூன்று கட்டம் காலி. நீ தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வரும்போது தெருவில் யாரும் உன்னைக் கிண்டல் பண்ணக்கூடாது என்று நீக்கினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரிகள் பெயர் வரிசைப்படி இருக்கும். உன் வரிக்கு நேர் கீழே அப்பா வரி. உன் வரியை எடுத்ததும் அது ஒரு படி மேலே ஏறி, நீ இருந்த இடத்தில், என் விரலுக்கு நேரே வந்து நின்றிருக்கும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான் பிரசாரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நம் வீட்டில் பீட்சா சாப்பிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்துகொள்கிறவர்களை எப்படி வரவைப்பது என்று நான்தான் எல்லாருக்கும் முன்னால் கணக்குச் சொன்னேன். புதன்கிழமை எனக்குப் பதினெட்டு முடிகிறது, தேர்தலுக்கு மறுநாள். அப்பா அதைச் சொல்லி, "ஒரு நாள் லேட்டாப் பொறந்துட்டா. ஓட்டே இல்லாதவ ஊருக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தரா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மாடிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

உன் வரியை எடுத்தது நினைவிருக்கிறது. அச்சடித்தது நினைவிருக்கிறது. நடுவில் என்ன பார்த்தேன் என்பது மட்டும் இல்லை. எவ்வளவு கண்ணை மூடி யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கீழே அப்பா இன்னும் தூங்கவில்லை, காரேஜில் வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. என்னை அவர் நம்பிவிட்டார். இனி ஒரு தடவையும் கேட்க மாட்டார்.

உன் பெயரை எடுத்த நான், அக்கா, அவர் பெயரை ஏன் விட்டேன்?